யார் பார்க்க இந்தக் கேஜ்?

தம்பிமாரே, இப்போது சில பிக்அப்புக்குள் ஏறினால் கல்யாண வீட்டுக்குள் நுழைந்தது போல இருக்கிறது. முன்கண்ணாடிக்குப் பக்கத்துத் தூணில் முள்ளால் அளவு காட்டும் வட்ட வட்டமான கேஜ்கள் நாலைந்து நீலமும் சிவப்புமாக மினுங்குகின்றன. டர்போ அழுத்தம், ஒயில் அழுத்தம், பற்றரி, தண்ணீர்ச் சூடு, இன்னும் எனக்கே பெயர் தெரியாத ஒன்று. "இது என்னத்துக்கு மகன்?" என்று வண்டிக்காரரைக் கேட்டால், "வடிவா இருக்கில்லையா காக்கா?" என்கிறார், அண்ணன் என்ற மரியாதையில். அழகாகத்தான் இருக்கிறது. கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துப் பார்த்தே ஓட்டுகிறார்கள், முன்னால் போகிற ஓட்டோவைத்தான் பார்ப்பதில்லை.

கண்ணில் புரை விழுந்த பிறகு வயரின் நிறம் பிரித்துப் பார்க்க முடியாமல் போய்விட்டது. கல்முனையில் இருந்த கராஜை விட்டுவிட்டு இப்போது வீட்டோடு இருக்கிறேன். புதிதாக வயரிங் வேலைக்கு வந்த உங்களில் சிலர் தேடி வந்து, எந்தக் கேஜ் நல்லது, எந்த நாட்டுச் சாமான் நிலைத்து நிற்கும் என்று கேட்கிறீர்கள். அதைக் கடைக்காரர் என்னைவிட நன்றாகச் சொல்வார். எந்த வயரை எங்கே கொடுப்பது என்பது பெட்டிக்குள் வருகிற தாளிலேயே இருக்கிறது. அந்தத் தாளில் இல்லாத ஒரு கேள்வி உண்டு. வண்டியில் பொருத்திப் பூட்டுவதற்கு முன்னர் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தக் கேஜை யார் பார்க்கப் போகிறார்?

இந்தக் கேள்வியை எனக்கு அழுத்திச் சொல்லித் தந்தவர் சலீம் ஹாஜியார். அவர் சொல்லித்தர வரவில்லை. ஓர் ஆளைக் குற்றம் பிடிக்கத்தான் வந்தார்.

சலீம் ஹாஜியார் சாய்ந்தமருதுக் கரையில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, பதுளைக் கடைகளுக்கு அனுப்புகிறவர். அதற்கு முன்னர் எஞ்சின் பூட்டிய படகுகள் வைத்திருந்தார். முதலாளி என்று கரையில் குந்திக்கொண்டிருக்கும் ஆளல்ல, தானே படகோட்டிக் கடலுக்குப் போய் வந்தவர். வயது ஏற ஏறக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. படகுகளைக் கொடுத்துவிட்டு டீசல் பிக்அப் ஒன்றை எடுத்தார். அதை ஓட்டியவர் அவருடைய தங்கையின் கணவர் றியாஸ்.

றியாஸ் அதிகம் கதைக்காத மனிதர். ஹாஜியாரோ மூன்று பேருக்குச் சேர்த்துக் கதைப்பவர். அதனால் வண்டி நன்றாக ஓடிய காலத்தில் இருவருக்கும் ஒத்துத்தான் போனது.

பிறகு ஒரு நாள், பதுளைக்குப் போகும் வழியில், லுணுகலை மலையேற்றத்தில் பிக்அப் புகை கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. எஞ்சினைப் பிரித்தபோது ஒரு பிஸ்டனின் தலை மெழுகாக உருகிக் கிடந்தது. அன்று ஏற்றிய மீனும் பழுதாகிப் போனது. ஹாஜியாருக்கு வந்த கோபத்தில், மீன் ஏலம் நடக்கிற இடத்தில் அத்தனை பேருக்கும் முன்னால் வைத்து, "எஞ்சினத் திண்டுட்டான்" என்று சொல்லிவிட்டார். நம் ஊர் வாய்க்கு வேறென்ன வேண்டும்? அடுத்த நாளே றியாஸுக்கு 'எஞ்சின் தின்னி மாப்புள' என்று பெயர் விழுந்துவிட்டது. ஐஸ்காரர் முதல் வலை இழுப்பவர் வரை அதைச் சொல்லித்தான் அவரைக் கூப்பிட்டார்கள்.

வேறு எஞ்சின் போட்டதும் ஹாஜியார் நேரே என்னிடம் வந்தார். எங்கள் பக்கம் கைவேலை தெரிந்தவனைப் பாஸ் என்பார்கள். அவரும் அப்படித்தான் என்னைக் கூப்பிடுவார்.

"பாஸ், சூடு பாக்கிற கேஜ் ஒண்டு பூட்டணும். ஆகக் கூடின சூட்ட ஞாபகம் வெச்சிருக்கிற சாதி ஒண்டு இருக்காமே?"

"இருக்கு ஹாஜியார். எக்சோஸ்ட் சூடு பாக்கிறது. நல்ல யோசனை."

மெய்யாகவே அது நல்ல யோசனைதான். வண்டியோடு வருகிற கேஜ் தண்ணீரின் சூட்டை மட்டும் காட்டும். சோற்றுப் பானையில் தண்ணீர் அளவாகக் கொதித்துக்கொண்டிருக்கும்போதே அடியில் அடுப்பு அளவுக்கு மீறி எரியலாம். பிஸ்டனை உருக்குவது அந்த அடுப்பு நெருப்பு. டர்போவுக்குச் சற்று முன்னால், புகை வெளியே வருகிற இடத்தில் சென்சரை வைத்தால்தான் அது தெரியும். பாரம் ஏற்றி மலை ஏறும் வண்டிக்கு ஒரே ஒரு கேஜ்தான் பூட்டலாம் என்றால் நான் அதைத்தான் பூட்டுவேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

"அத டாஷ்போட் பெட்டிக்குள்ள பூட்டுங்க," என்றார் ஹாஜியார். "பெட்டிக்குப் பூட்டுப் போட்டுத் திறப்ப நான் வெச்சிக்குவன்."

"அப்ப றியாஸ் எப்பிடிப் பாக்கிற?"

"அவன் என்னத்துக்குப் பாக்கணும்? அவன் வண்டிய ஓட்டட்டும். திரும்பி வந்ததும் நான் திறந்து பாப்பன். ஒருக்கா முள்ளு சிவப்புக்குப் போயிருந்தாலும், வண்டித் திறப்ப வாங்கி வெச்சிட்டு அவன வீட்டுக்கு அனுப்பிருவன்."

வீட்டுக்கு என்றால் எந்த வீட்டுக்கு? நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்ச் சேருகிறவர். றியாஸ் இருக்கும் வீடு ஹாஜியார் தன் தங்கைக்குக் கட்டிக் கொடுத்த வீடு. அந்த வீட்டில், 'எஞ்சின் தின்னி' என்ற பெயரோடு, வேலையும் இல்லாமல், மச்சான் கட்டிய சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதர் உட்கார்ந்திருக்க வேண்டும். பெட்டிக்குள் பூட்டச் சொன்ன கேஜ் அளக்கப்போவது எஞ்சினை மட்டுமல்ல என்று எனக்கு விளங்கியது.

"வண்டிய அனுப்பி வைங்க, பாப்பம்," என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் பிக்அப்பைக் கொண்டுவந்து விட்டவர் றியாஸ். கேஜ் சங்கதி அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றார்.

"காக்கா, வல்லாஹி, சத்தியமா நான் அடிச்சு ஓட்டல்ல. தண்ணி முள்ளு கடைசி வரைக்கும் நடுவிலதான் நிண்டிச்சு. நான் எப்பிடி அடிச்சு ஓட்டுற? ஏத்தத்துக்குப் போகக்குள்ள மச்சான் போன்ல கோல் எடுத்திருவாரு."

"ஏத்தத்தில என்னத்துக்குக் கோல்?"

"எஞ்சின் சத்தம் கேக்க. போன முன்னுக்கு வெச்சி ஸ்பீக்கர்ல போடணும். சத்தம் கொஞ்சம் கூடி றேஸ் ஆனாலும் 'குறை, குறை' எண்டு அங்க இருந்தே கத்துவாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாய்ந்தமருதில் கட்டிலில் சாய்ந்துகொண்டு லுணுகலையில் ஓடும் எஞ்சினுக்கு வைத்தியம் பார்க்கும் ஹாஜியாரை நினைத்தால் யாருக்குத்தான் வராது? றியாஸ் சிரிக்கவில்லை.

"அதுல சிவப்புக் காட்டினா நான் துலைஞ்சன் காக்கா. ஆனா காட்டுற நேரம் எனக்கும் தெரிஞ்சா, ஏதாவது செய்யலாம்தானே?"

அவர் போன பிறகு நான் வேலையைத் தொடவில்லை. வண்டி ஹாஜியாருடையது, சொல்கிற இடத்தில் பூட்டுவது என் தொழில். ஏலாது என்று சொன்னால் அக்கரைப்பற்றில் வேறொருவர் பூட்டிக் கொடுப்பார். குடும்பத்துக்குள் நடக்கிற வழக்கில் வயரிங்காரன் தலையைப் போட்டால் இரண்டு பக்கத்தாரும் சேர்ந்துதான் அவனை அடிப்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் எரிந்து முடிந்த பின்னர் 'எரிந்தது' என்று சொல்லும் கேஜால் எஞ்சினுக்கு என்ன பிரயோசனம்? ஆளைப் பிடிக்கத்தான் அது உதவும். நான் ஆள் பிடிக்கும் தொழிலுக்கு வரவில்லை.

கேஜை ஸ்டியரிங்குக்கு மேலே, ஓட்டுகிறவர் வீதியிலிருந்து கண்ணை எடுக்காமலே பார்க்கக்கூடிய இடத்தில் பூட்டினேன். சென்சருக்குத் துளை போட, புகை போகும் இரும்புக் குழாயைக் கழற்றி வெளியே எடுத்தேன். வண்டியில் வைத்தபடியே துளைத்தால் இரும்புத்தூள் டர்போவுக்குள் போய்விடும். அவசரத்துக்கு அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், நீங்கள் அவர்களில் ஒருவராக வேண்டாம். எர்த் வயரையும் வண்டியின் பாடியில் கொடுக்காமல் நேரே பற்றரிக்குக் கொண்டுபோனேன். மீன் வண்டியில் ஐஸ் தண்ணீரும் உப்பும் ஒழுகி, இரும்பு தொடுகிற இடமெல்லாம் துரு பிடிக்கும். எர்த் கெட்டால் கேஜ் பொய் சொல்லும். இந்தக் கேஜ் பொய் சொல்லக்கூடாது என்பதில் அன்று நான் வழமையை விடக் கவனமாக இருந்தேன். முடித்துவிட்டு, வண்டியைக் கொடுக்க முன்னர், ஹாஜியாரையும் றியாஸையும் வரச் சொன்னேன்.

ஹாஜியார் கதவைத் திறந்து பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"நான் சொன்ன இடம் இதில்லையே பாஸ்."

"இல்ல ஹாஜியார்."

"வண்டி யார்ர?"

"உங்கட."

"அப்ப?"

"வண்டி உங்கட. கால் அவர்ர. கால் வெச்சிருக்கிறவருக்குத் தெரியாம ஒளிச்சுப் பூட்ட எனக்கு ஏலா. ஒரு பயணம் நீங்களும் வாங்க, நானும் வாறன். அவர் எஞ்சினத் திண்டா நாம ரெண்டு பேரும் கண்ணால காணுவம். மறுகா நீங்க சொல்ற இடத்துக்கே மாத்தித் தாறன்."

ஹாஜியாருக்கு இது பிடித்துவிட்டது. கண்ணால் காண்பதென்றால் அவருக்குக் கசக்குமா? "நாளைக்கு வெள்ளாப்புலயே வாங்க," என்றார். திரும்பிப் பார்த்தேன். றியாஸின் முகத்தில் இரத்தமே இல்லை. அவரைக் கேட்காமல் அவர் கழுத்தை நான் பந்தயம் வைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

விடியற்காலையில் மீன்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். றியாஸ் ஓட்டினார், ஹாஜியார் பக்கத்தில், நான் பின்சீற்றில் இருவருக்கும் நடுவே தலையை நீட்டிக்கொண்டு. அம்பாறை தாண்டி, பிபிலை வரைக்கும் முள் சாதுவாக இருந்தது. ஹாஜியார் கையில் ஓதி எண்ணும் தஸ்பீஹ் மணி உருண்டுகொண்டிருந்தது. பிபிலையில் ஆளுக்கொரு தேத்தண்ணி குடித்தோம்.

லுணுகலை ஏற்றம் தொடங்கியதும் முள் எழும்பியது. வண்டி வேகம் குறைய, றியாஸ் காலை இன்னும் அழுத்தினார். முள் இன்னும் எழும்பியது. ஒரு வளைவு திரும்பினோம். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது.

"பாத்தீங்களா பாஸ்!" ஹாஜியார் மணியை நிறுத்திவிட்டார். "பாத்தீங்களா! நான் பக்கத்தில இருக்கக்குள்ளயே தின்னுறான்!"

றியாஸ் முள்ளையும் வீதியையும் மாறி மாறிப் பார்த்தார். காலை எடுத்தால் பாரத்தோடு வண்டி நின்றுவிடும், அழுத்தினால் சூடு ஏறும்.

தம்பிமாரே, இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். எல்லோரும் முள்ளைப் பார்த்துக் கத்துவார்கள். அந்த நேரம் நீங்கள் முள்ளை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். நான் காதைக் கொடுத்தேன். அடித்து ஓட்டும் வண்டியின் எஞ்சின் கத்தும். இது கத்தவில்லை, முனகியது. கியர்த் தடியைப் பார்த்தேன்.

"றியாஸ், இந்த ஏத்தத்தில ஏன் நாலாம் கியர்?"

"கீழ போட்டா றேஸ் ஆகும் காக்கா. மச்சானுக்குப் பிடிக்கா."

அந்தப் போன் கதை இப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. கேட்டுச் சிரித்த என் வாயில் சிரிப்பு காய்ந்துவிட்டது.

"மூண்டாம் கியரப் போடுங்க."

"போடாத!" என்று ஹாஜியார் கத்தினார். "சத்தம் கூடும்! புது எஞ்சினும் போயிரும்!"

றியாஸ் என்னைப் பார்க்கவில்லை. மச்சானைப் பார்த்தார். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ஒருவர் சொல் கேட்டால் சோறு உண்டு, மற்றவர் சொல் கேட்டால் என்ன உண்டு என்று தெரியாது. என் கணிப்புப் பிழைத்தால் இந்த எஞ்சினும் என் கண் முன்னால் உருகும், பழி றியாஸின் தலையில்தான் விழும். அது எனக்குத் தெரிந்தது. முள் இறங்கும் என்று எனக்குத் தொண்ணூறு பங்கு நம்பிக்கை. மிச்சப் பத்துப் பங்கு பயம்.

"போடுங்க மகன். போனா எஞ்சினுக்கு நான் பொறுப்பு. ஹாஜியார், நீங்க சாட்சி."

றியாஸ் கியரை மாற்றினார். எஞ்சின் சத்தம் உடனே கூடியது. ஹாஜியார் கதவுக்கு மேலிருந்த பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். முள் சிவப்பில் கொஞ்சம் யோசித்தது. பிறகு மெல்ல இறங்கத் தொடங்கி, நடுவுக்கு வந்து நின்றது. வண்டி முன்னையை விட இலகுவாக ஏறியது.

"கண்ணத் திறங்க ஹாஜியார்," என்றேன்.

சமதரையில் றியாஸ் வண்டியை ஓரமாக நிறுத்தினார். டர்போ ஆறட்டும் என்று எஞ்சினை ஓடவிட்டிருந்தோம். ஹாஜியார் வெகுநேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கடல்ல நான் அப்பிடித்தான் ஓடினன் பாஸ். சத்தத்தக் குறைச்சா எஞ்சின் ஆறும். என்ட எஞ்சின் ஒண்டும் உருகினதில்ல."

"கடல்ல நீங்க செஞ்சது சரி ஹாஜியார். அங்க சத்தத்தக் குறைச்சா போட் மெதுவாகும், சுமையும் தன்னால குறையும். தண்ணி விட்டுக் குடுக்கும். மலை விட்டுக் குடுக்குமா? அதே சுமைய எஞ்சின் குறைஞ்ச காத்தோட தூக்கணும். அதுலதான் எரியிற."

ஹாஜியார் றியாஸின் பக்கம் திரும்பினார்.

"எல்லா நாளும் நாலாம் கியர்லதான் ஏறினியா?"

"நீங்க சொன்னீங்கதானே மச்சான்."

அதில் குத்தல் இல்லை, கோபமும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. ஹாஜியார் பதுளை வரைக்கும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். தஸ்பீஹ் மணி மடியில் கிடந்தது. திரும்பி வரும்போதும் கேஜை இடம் மாற்றுவது பற்றிப் பேச்சு எழவில்லை.

அதற்குப் பிறகு ஏற்றத்தில் கோல் வருவது நின்றுவிட்டதாக றியாஸ் சொன்னார். முள்ளைப் பார்த்துத் தன் இஷ்டத்துக்குக் கியர் மாற்றி ஓட்டினார். எஞ்சினுக்கு ஒரு குறையும் வரவில்லை. வேலை என்ற அளவில் கதை இங்கே முடிந்துவிட்டது, நானும் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் எனக்குக் கோபமாக இருந்தது. கல்முனைப் பஸாரில் கண்டால் ஹாஜியார் ஸலாம் சொல்லுவார், கேஜைப் புகழுவார், இன்னும் இரண்டு பேரை என்னிடம் அனுப்பியும் வைத்தார். கரையில் மட்டும் றியாஸ் இன்னும் 'எஞ்சின் தின்னி மாப்புள'தான். பலர் முன்னால் போட்ட பெயரை, மூன்று பேர் மட்டும் ஏறிய வண்டிக்குள் நடந்தது எப்படிக் கழுவும்? சொல்ல வேண்டிய வாய் சொல்லாமல் இருந்தது. கேஜால் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமைக் காலை மீன் வாங்கச் சாய்ந்தமருதுக் கரைக்குப் போயிருந்தேன். வலை வந்திருந்தது, ஏலம் சூடாக நடந்துகொண்டிருந்தது. ஹாஜியார் கூட்டத்தின் நடுவில் நின்றார். றியாஸ் பிக்அப்பைப் பின்னால் எடுத்து மணலுக்குக் கிட்டக் கொண்டுவந்தார். கூட்டத்திலிருந்து ஒருவன் வழக்கம்போல் குரல் கொடுத்தான்.

"எஞ்சின் தின்னி மாப்புள, இந்த எஞ்சினயாவது திண்டுராதீங்க, காக்கா!"

நாலு பேர் சிரித்தார்கள். றியாஸும் பழகிப்போன சிரிப்பொன்றைச் சிரித்துவிட்டு இறங்கினார்.

"டேய்," என்றார் ஹாஜியார்.

அவர் குரல் கடலில் பழகிய குரல். ஏலம் கூறியவர் நிறுத்திவிட்டார்.

"அந்த எஞ்சினத் திண்டது நான்டா. இவன் ஒழுங்கா ஓட்ட ஓட்ட, போன்ல கத்திக் கத்தி நான்தான் திண்டன். நான் இந்த இடத்தில வெச்சித்தானே சொன்னன்? இந்த இடத்திலயே திருப்பி எடுக்கிறன். இனி அந்தப் பேரச் சொல்றதெண்டா என்னச் சொல்லிக் கூப்பிடுங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஹாஜியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு றியாஸின் முன்னால் போய் நின்றார். "மச்சான்," என்றார், அவ்வளவுதான். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

றியாஸ் குனிந்து மீன்பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

"ஐஸ் கரையுது மச்சான். மத்தப் பக்கத்தப் பிடிங்க."

ஹாஜியார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மற்றப் பக்கத்தைப் பிடித்தார். இருவரும் சேர்ந்து பெட்டியை வண்டிக்கு ஏற்றினார்கள்.